‘லேபர் டேஸ்’ பிடித்தவர்களுக்கு ‘பஸூக்கா டூத்’ ஏன் கசந்தது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: நியூயார்க் அண்டர்கிரவுண்ட் ராப்பர் ஏசாப் ராக்கின் ‘லேபர் டேஸ்’ உங்களுக்கு மிகவும் பிடித்துப்போய், அந்த ஆசையில் அதற்கு அடுத்து வந்த ‘பஸூக்கா டூத்’தைப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை முயன்றும் ஐந்தாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் ஒரு சாரார் சறுக்கல் என்கிறார்கள், இன்னொரு சாரார் அவர் செய்ததிலேயே துணிச்சலான ஆல்பம் என்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது உசத்தி என்ற வழக்கை ஒதுக்கிவைத்துவிடலாம், அதில் என் ஓட்டு உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்தக் கருத்துகள் ஆல்பத்தில் இருப்பதைப் பற்றியவையா, அதில் காணாமல் போன ஒன்றைப் பற்றியவையா என்பதுதான். என் கணிப்பில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. சில புகார்கள் முழுக்க நியாயமானவை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ‘பஸூக்கா டூத்’தை இவருடைய இரண்டாவது ஆல்பம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. 1997இல் சொந்தமாக வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் எர்த்வார்ம்ஸ்’, 1999இல் ‘ஆப்பிள்சீட்’, 2000இல் மஷ் நிறுவனத்தில் ‘ஃப்ளோட்’ எல்லாம் முன்பே வந்துவிட்டன. ஆனால் பெயர் வாங்கித் தந்தது 2001 செப்டம்பர் 18 அன்று டெஃபினிட்டிவ் ஜக்ஸ் நிறுவனத்தில் வந்த ‘லேபர் டேஸ்’தான். அடுத்தது என்ன என்ற காத்திருப்பு அங்கேதான் தொடங்கியது. ‘பஸூக்கா டூத்’ வந்தது 2003 செப்டம்பர் 23. நடுவில் 2002இல், ‘லேபர் டேஸ்’ஸில் இருந்த ‘டேலைட்’ பாட்டின் பெயரிலேயே ஒரு ஈ.பி. (சிலபாட்டு மட்டுமே கொண்ட சிறு வெளியீடு) வந்தது, அந்தப் பாட்டின் வரிகளையே தலைகீழாகத் திருப்பிப்போட்ட ‘நைட் லைட்’ அதில் உண்டு. ஆக, காத்திருந்த இரண்டு வருடமும் ரசிகர்களின் வாயில் இருந்தது ‘டேலைட்’ ருசிதான். இதை மறந்துவிட்டு அந்தக் காலத்துக் கருத்துகளைப் படித்தால் அவர்களின் கோபம் விளங்காது.

அந்த ருசிக்குப் பெரும்பங்கு காரணம் பிளாக்ஹெட். இவரும் ஏசாப் ராக்கும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நண்பர்களானவர்கள். ‘லேபர் டேஸ்’ பீட்களில், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையில், பெரும்பாலானவை இவருடையவை. எப்படிச் செய்வார் என்று கவனித்தால் விஷயம் பாதி தெளிந்துவிடும். ஒரு பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடி நீளத் துண்டு ஒன்றை எடுத்து, அதைச் சுற்றிச் சுற்றி வரும் லூப் ஆக்குவார். அடியில் டிரம்ஸ் நேராக நடக்கும்: நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றில் இரண்டாவது, நான்காவது தட்டில் ஸ்னேர் (‘டப்’ என்று வெடித்து ஒலிக்கும் டிரம்) தவறாமல் விழும். ‘டேலைட்’டில் அந்தப் புல்லாங்குழல் போன்ற இழை வருகிறதே, அது இரண்டு சுற்றில் உங்கள் காதில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ராப்பர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு சிக்கலாகப் பேசினாலும் நீங்கள் தொலைந்துபோவதில்லை. ஒரு வரி புரியாவிட்டால் அடுத்த ஸ்னேர் தட்டில் ஏறிக்கொள்ளலாம். மாடிப்படியில் கைப்பிடி இருப்பதுபோல.

‘பஸூக்கா டூத்’தில் அந்தக் கைப்பிடி இல்லை. பதினைந்து பாட்டில் பெரும்பாலானவற்றுக்கு ஏசாப் ராக்கே பீட் போட்டார். ‘குக் இட் அப்’, ‘பேபீஸ் வித் கன்ஸ்’ போன்ற ஒரு சிலதான் பிளாக்ஹெட் கையில் வந்தவை. ‘வீ ஆர் ஃபேமஸ்’ மட்டும் எல்-பி என்ற ராப்பர் போட்டது, அதில் அவரும் பாடுகிறார். ஏசாப் ராக்கின் பீட்டில் மெலடி முன்னால் நிற்காது. ரீங்கரிக்கும் சின்த் (மின்னணுக் கருவியின் ஒலி), வெட்டி ஒட்டிய சத்தத் துண்டுகள், இசைத்தட்டைக் கையால் தேய்த்து எழுப்பும் ஸ்க்ராட்ச், நடுவில் திடீரென்று நின்று வேறு இடத்தில் மறுபடி தொடங்கும் டிரம்ஸ், இவைதான் முன்னால். தட்டு இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் சில நேரம் விழாது, விழாத இடத்தில் கூடுதலாக ஒன்று விழும். முதல் இரண்டு பாட்டான ‘பஸூக்கா டூத்’, ‘என்.ஒய். எலெக்ட்ரிக்’ இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு விரலால் மேசையில் தட்டிப் பாருங்கள். விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் பலரும் ஆல்பத்தை விட்டு இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது முதல் புகாருக்கு வருவோம். ‘என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை, வார்த்தையை அள்ளிக் கொட்டுகிறார்’ என்பது அது. ஆனால் ‘லேபர் டேஸ்’ மட்டும் என்ன, பால் குடிக்கிற பிள்ளைக்குப் புரியும் பாட்டா? வார்த்தை நெரிசல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2014இல் மேட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்களின் சொல்வளத்தை எண்ணிப் பார்த்தார். ஒவ்வொருவரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அதில் வெவ்வேறான சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டதில் 7,392 சொற்களோடு ஏசாப் ராக் முதலிடம். முதல் 35,000 சொல் என்றால் தொடக்ககால ஆல்பங்கள்தான் அதற்குள் வரும். அதாவது நீங்கள் ரசித்த ஆல்பத்திலும் அகராதி தேவைப்படும் ஆள்தான் இவர். (இந்த எண்ணைத் திறமைக்குச் சான்றிதழாகக் காட்டுபவர்களை நம்பவேண்டாம். சொல் எத்தனை என்பது ஒன்று, சொன்னது எப்படி என்பது வேறு.)

இவருடைய வரிகள் காதில் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தமிழ் யாப்பு தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். சாதாரண ராப்பில் நமக்குத் தெரியும் ஒலி ஒப்புமை பெரும்பாலும் இயைபு: அடியின் கடைசி ஒன்றி வரும். இவர் அடியின் கடைசிக்குக் காத்திருப்பதில்லை. நம் எதுகைபோல அடிக்குள்ளேயே சொல்லுக்குச் சொல் ஒலியைக் கோத்துக்கொண்டு போவார். ஆனால் மெய்யெழுத்து ஒன்ற வேண்டும் என்று பார்ப்பதில்லை, உயிரொலி வரிசை ஒன்றினால் போதும் அவருக்கு. ‘மழைத்துளி, கதைச்சுழி, தலைக்குறி’ என்று அடுக்கிச் சொல்லிப் பாருங்கள். அ, ஐ, உ, இ என்ற அதே வரிசை மூன்றிலும் திரும்புகிறது, பொருளில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. இந்த மாதிரி நாலைந்து உயிரொலி நீளக் கோவைகளைத் தொடர்ந்து கேட்கும்போது பொருள் பின்னால் வருகிறது, ஒலி முன்னால் இழுக்கிறது. இழுக்கும் ஒலிக்குத் தாளம் துணை நின்றால் பொருள் புரியாமலே இன்பமாக இருக்கும். தாளமும் கைவிட்டால் வெறும் இரைச்சல். ‘புரியவில்லை’ என்று எழுதியவர்களில் கணிசமானவர்கள் வார்த்தையைப் பற்றிப் புகார் சொல்வதாக நினைத்துக்கொண்டு பீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் கருதுவது இதனால்தான்.

இதற்கு ஒலியியல் காரணம் ஒன்றும் சேர்கிறது, அது கருத்து அல்ல. பேச்சைத் தெளிவாக்கும் மெய்யொலிகளின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். ரீங்கரிக்கும் சின்த்தும் கனத்த சத்தத் துண்டுகளும் அதே இடத்தை நிரப்பினால் ஒன்றை ஒன்று மூடும். புல்லாங்குழல் இழைக்கும் நேரான டிரம்ஸுக்கும் நடுவே குரலுக்கு இடம் கிடைத்த ‘லேபர் டேஸ்’ தெளிவாகக் கேட்பதும், இதில் அதே குரல் சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருப்பதும் அதனால்தான். 2003இல் பலர் கேட்டது இணையத்தில் கைமாறிய, நொடிக்கு 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பு. அடர்த்தியான இரைச்சலை அந்த அளவுக்குள் அமுக்கினால் சிம்பல், ஸ்க்ராட்ச் எல்லாம் தண்ணீருக்குள் கேட்பதுபோலக் குழம்பும். அந்தக் காலத்து வெறுப்பில் இதற்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம், அவ்வளவே.

இரண்டாவது புகார், ‘இது எல்-பியின் நகல்’ என்பது. இதில் உண்மையும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. டெஃபினிட்டிவ் ஜக்ஸ் எல்-பி தொடங்கிய நிறுவனம். முதலில் டெஃப் ஜக்ஸ் என்று இருந்து, டெஃப் ஜாம் நிறுவனம் வழக்குப் போட்டதால் பெயரை நீட்டிக்கொண்டது. 2002இல் எல்-பியின் ‘ஃபென்டாஸ்டிக் டேமேஜ்’ அங்கிருந்துதான் வந்தது. கரகரப்பும் இடிபாட்டு ஓசையுமான அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு ‘பஸூக்கா டூத்’துக்கு வந்தால் ஒரே வீட்டுச் சமையல் என்று தோன்றாமல் இருக்காது. ஆனால் எல்-பி பீட் போட்டது ஒரே ஒரு பாட்டு. இரைச்சலையே இசையாக அடுக்குவதும் இவர்கள் இருவரும் கண்டுபிடித்தது அல்ல. 1988இல் பப்ளிக் எனிமி ராப் குழுவுக்காக பாம் ஸ்குவாட் என்ற பீட் அணி செய்தது அதுதான், அவர்கள் வந்த லாங் ஐலண்டில்தான் ஏசாப் ராக்கும் வளர்ந்தார். வேறுபாட்டைக் காதாலேயே பிடிக்கலாம்: எல்-பியின் பீட் பாறை உருள்வதுபோல மொத்தமாக வரும், ஏசாப் ராக்கின் பீட் சின்னச் சின்னப் பாகங்களாகக் கழன்று விழுந்துகொண்டே ஓடும். ‘வீ ஆர் ஃபேமஸ்’ஸையும் அதற்கு முந்தைய பாட்டான ‘ஃப்ரீஸ்’ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் போதும்.

மூன்றாவது புகாரை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்: நீளம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, மூச்சு விட இடமில்லை. ‘லேபர் டேஸ்’ஸும் குட்டையான ஆல்பம் இல்லை, ஆனால் அதில் கனமான பாட்டுக்குப் பிறகு லேசான பாட்டு ஒன்று வரும். இதில் நடுப்பகுதி ஒரே அடர்த்தியில் போகிறது. பல பாடல்களில் பல்லவியும் சரணத்தின் அளவுக்கே வார்த்தை நிறைந்தது. பல்லவி என்பது கேட்பவர் கூடச் சேர்ந்து பாடி இளைப்பாறும் இடம். அங்கேயும் மூச்சிரைத்தால் எப்படி? கேம்ப் லோ என்ற ராப் இரட்டையர் வரும் ‘லைம்லைட்டர்ஸ்’, ராப்பர் மிஸ்டர் லிஃப் வரும் ‘11:35’ போன்றவை ரசிகர்களிடம் நல்ல பெயர் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு குரல் வந்தாலே காதுக்கு ஓய்வு. மூன்று நான்கு பாட்டைக் கத்தரித்திருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது.

பீட், நீளம் இரண்டையும் விடப் பெரிதாக எனக்குத் தோன்றும் காரணத்தை ரசிகர்கள் குறைவாகவே சொல்கிறார்கள். ‘லேபர் டேஸ்’ வேலையைப் பற்றிய ஆல்பம். ‘9-5யர்ஸ் ஆன்தம்’ காலையில் போய் மாலையில் திரும்பும் எல்லாருக்குமான பாட்டு. ‘நோ ரிக்ரெட்ஸ்’ஸில் லூசி என்ற பெண் வருகிறாள். ஏழு வயதில் தெருவில் சாக்பீஸால் வரைந்துகொண்டிருக்கிறாள், முப்பத்தேழு வயதில் வரைகிறாள், எண்பத்தேழு வயதில் சாகக் கிடக்கும்போதும் சுவரெல்லாம் படம். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதையில் மதுரையில் கணக்கு எழுதுபவரும் தன்னை வைத்துப் பார்க்கலாம், பாஸ்டனில் தட்டு கழுவுபவரும் வைத்துப் பார்க்கலாம். ‘பஸூக்கா டூத்’தின் பொருள் அதுவல்ல: கேமரா, புகழ், விமர்சகர்கள், துப்பாக்கி, பதற்றத்தில் இருக்கும் நியூயார்க். தலைப்பே பல்லுக்குப் பதில் ஆயுதம் வைத்த ஒரு பாத்திரம். முந்தையதில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் இதில் மேடையிலிருந்து எரிந்து விழுகிறார். புகழ் பெற்றவனின் எரிச்சலில் நமக்கென்ன பங்கு என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் எழுவது இயல்பு. அந்தக் கேள்வி பீட் நன்றாக இல்லை என்ற வடிவத்தில் வெளியே வந்திருக்கவும் கூடும்.

ஆண்டுகள் போகப்போக அபிப்பிராயம் மாறிய விதமும் கவனிக்க வேண்டியது. 2003இல் வரிகளைப் படிக்க ஜீனியஸ் போன்ற தளங்கள் இல்லை. ரசிகர்கள் காதால் கேட்டு எழுதியவைதான், பிழையோடு. 2005இல் ‘ஃபாஸ்ட் கார்ஸ், டேஞ்சர், ஃபயர் அண்ட் நைவ்ஸ்’ ஈ.பி.யின் முதல் பதிப்போடு வரிகளைத் தொகுத்த ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். கேட்டு வெறுத்த பாட்டைப் படித்து ரசித்தவர்கள் அப்போது வரத் தொடங்கினார்கள். 2007இல் ‘நன் ஷல் பாஸ்’. தலைப்புப் பாட்டின் பீட் பிளாக்ஹெட். ‘பழையபடி வந்துவிட்டார்’ என்று கூட்டம் திரும்பியது. அதோடு நின்றிருந்தால் ‘பஸூக்கா டூத்’ மீதான தீர்ப்பும் நின்றிருக்கும். ஆனால் 2012இல் ‘ஸ்கெலிதான்’, 2016இல் ‘தி இம்பாசிபிள் கிட்’ இரண்டும் வந்தன. இரண்டுக்கும் பீட் முழுக்க ஏசாப் ராக்கே, இரண்டும் அவருடைய சிறந்தவற்றில் சேர்த்துப் பேசப்படுகின்றன. அதன்பின் ‘இந்த ஆளுக்கு பீட் போட வராது’ என்ற வாதம் நிற்கவில்லை. நிற்கக்கூடிய வாதம் ஒன்று மிஞ்சியது: 2003இல் அவர் இன்னும் கற்றுக்கொண்டிருந்தார், குரலுக்கு இடம்விடும் கலை பிறகுதான் கைவந்தது. ‘தி இம்பாசிபிள் கிட்’டில் பேஸ் தனியாக, டிரம்ஸ் தனியாக, குரல் தனியாகக் கேட்கிறது. வரிகளும் நேராகிவிட்டன. பூனையைப் பற்றி ஒரு பாட்டு, சகோதரர்களைப் பற்றி ஒரு பாட்டு என்று வீட்டுக்குள் வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இன்று ‘பஸூக்கா டூத்’தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இத்தனை வருடம் அவரோடு கூடவே வந்தவர்கள். 2003இல் கோபித்துக்கொண்டு போனவர் இன்று வந்து கருத்துச் சொல்லமாட்டார், அவர் அந்த ஆல்பத்தையே மறந்திருப்பார். ஆகவே பிற்காலக் கருத்துகள் கூடுதல் நிதானமானவை என்பது சரி, கூடுதல் நடுநிலையானவை என்று சொல்ல முடியாது. முதல் வாரக் கருத்து இழப்பை அளக்கிறது, பதினைந்து வருடத்துக்குப் பிந்தையது விசுவாசத்தை அளக்கிறது. நட்சத்திரக் கணக்கில் இரண்டும் ஒரே தட்டில் விழுவதால்தான் அந்தச் சராசரிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பீட் போடுபவர் மாறியதும் ரசிகர்கள் கொதிப்பது இந்த ஆல்பத்தோடு நின்ற வழக்கமும் இல்லை. அதே டெஃபினிட்டிவ் ஜக்ஸில் 2001இல் கேனிபல் ஆக்ஸ் என்ற ராப் குழு வெளியிட்ட ‘தி கோல்ட் வெய்ன்’ முழுக்க எல்-பி பீட். அடுத்த ஆல்பம் ‘பிளேட் ஆஃப் தி ரோனின்’ வர 2015 ஆகிவிட்டது, அதில் எல்-பி இல்லை. அங்கே புகார் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியது: இங்கே இரைச்சல் வந்துவிட்டதே என்ற வருத்தம், அங்கே இரைச்சல் போய்விட்டதே என்ற வருத்தம்.

கருத்துகளை எப்படிப் படிப்பது என்று கேட்டால், இருபது கருத்தை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: பீட், குரலும் வரியும், நீளமும் வரிசையும், முந்தைய ஆல்பம். ஒவ்வொரு கருத்தும் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்தப் பத்தியில் ஒரு கோடு. பாட்டின் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லாத கருத்துக்கு அரைக் கோடு போதும். புகழ்ச்சியாக இருந்தாலும் அரைதான். ‘காலத்தை மீறிய படைப்பு’ என்று மட்டும் எழுதி நிறுத்துபவர் ஆல்பத்தை எந்த அளவு கேட்டார் என்று யாருக்குத் தெரியும்? எழுதிய வருடத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது பத்தி எவ்வளவு வேகமாக நிறைகிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும். முக்கியமாக, மூன்றாவது பத்தியில் கோடு வாங்கியவர்களை நம்புங்கள். அவர்கள் ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள்.

இனி கேட்கும் முறை. போன் ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைக் கேட்பது வீண். அந்தச் சிறிய ஸ்பீக்கரால் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாக எழுப்ப முடியாது. தாளத்தைத் தாங்கும் பேஸும் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின்) அடிப்பகுதியும் போய்விட்டால் மிஞ்சுவது அந்த ரீங்காரம் மட்டும், கைப்பிடி ஏற்கெனவே இல்லாத மாடியில் படியையும் எடுத்துவிட்ட கதை. சுமாரான வயர் இயர்போனே போதும். பேஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது அடிப்பகுதியைப் பூசி மெழுகி கிக்கையும் பேஸையும் ஒன்றாக்கிவிடும். ஈக்வலைசரில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் குறைத்தால் சின்த்தின் உறுத்தல் குறையும்தான், ஆனால் குரலின் தெளிவும் கூடவே போகும், இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதால். அதற்குப் பதில் மொத்தச் சத்தத்தையே குறைத்துக் கேளுங்கள். இந்த மாதிரி அடர்த்தியான கலவையை உரக்கக் கேட்டால் இருபது நிமிடத்தில் காது களைத்துவிடும், களைத்த காது எல்லாப் பாட்டையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இரண்டு ஆல்பத்தையும் ஒப்பிடுவதாக இருந்தால் செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எதுவானாலும் நன்றாக இருப்பதாகவே காது ஏமாறும்.

ஒன்றிலிருந்து பதினைந்துவரை வரிசையாகக் கேட்க வேண்டாம். நீங்கள் ஐந்தாவது பாட்டில் நின்றதற்கு வரிசையும் ஒரு காரணம்: கைப்பிடியுள்ள பாடல்கள் பின்னால்தான் வருகின்றன. முதல் நாள் ‘பேபீஸ் வித் கன்ஸ்’, ‘குக் இட் அப்’ இரண்டையும் போடுங்கள். பிளாக்ஹெட்டின் கை என்பதால் பழகிய வாசலில் நுழைவதுபோல இருக்கும். அதோடு ‘நோ ஜம்பர் கேபிள்ஸ்’ ஒன்று. அடுத்த நாள் ‘ஃப்ரீஸ்’, ‘ஈஸி’, ‘11:35’. மூன்றாம் நாள்தான் தலைப்புப் பாட்டும் ‘என்.ஒய். எலெக்ட்ரிக்’கும். ஒரு அமர்வுக்கு மூன்று நான்கு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை. முதல் முறை வரியைப் பார்க்காமல் ஸ்னேரை மட்டும் பிடியுங்கள். தட்டு கைநழுவினால் முதலில் வேகத்தைக் கண்டுபிடியுங்கள்: பதினைந்து நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை என்று வந்துவிடும். அந்த வேகத்தில் காலால் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள், டிரம்ஸ் நின்றாலும் நிறுத்தாதீர்கள். டிரம்ஸ் நிற்கும் இடங்களில் அவர் குரல் உங்கள் காலோடு நடக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் நடக்கும். அதைக் கேட்டுவிட்டால் பீட் விட்டுப்போன தட்டைக் குரலே போட்டுக்கொண்டிருந்தது தெரியவரும், முதல் இரண்டு முறை நீங்கள் தவறவிட்டது அதைத்தான். இரண்டாம் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளைத் தேடாமல், ஒத்த உயிரொலி வரும் இடங்களின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். மூன்றாம் முறை பொருள். எல்லா வரிக்கும் பொருள் வேண்டும் என்று அடம்பிடித்தால் நடக்காது. நான்கில் மூன்று வரி பிடிபட்டால் நல்ல அறுவடை. விளக்கத் தளங்களில் ரசிகர்கள் எழுதும் உரைகளில் நல்லதும் உண்டு, தன் கற்பனையை ஏற்றிவைப்பதும் உண்டு. இடம், பெயர், பொருள் இவற்றுக்கான குறிப்புகளை எடுத்துக்கொண்டு ‘இது இன்னதன் குறியீடு’ வகையறாவைத் தள்ளிவிடலாம்.

மூன்று நாள் இப்படிக் கேட்டும் ஒட்டாவிட்டால் உங்கள் காதில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் தேடியது ஏசாப் ராக்கையா, பிளாக்ஹெட்டையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிளாக்ஹெட்டையென்றால் 2004இல் வந்த அவருடைய ‘மியூசிக் பை கேவ்லைட்’ இருக்கிறது, குரல் இல்லாத பீட் ஆல்பம். இருவரையும் சேர்த்து என்றால் 2021இல் வந்த ‘கார்பாலஜி’, முழுக்க இவர்கள் இருவரும் சேர்ந்து செய்தது. வரிகளைத்தான் என்றால் ‘தி இம்பாசிபிள் கிட்’டில் ‘ரிங்ஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்த மனிதர் வரைவதை விட்டுவிட்டதைப் பற்றிப் பாடும் பாட்டு அது. வாழ்நாள் முழுக்க வரைந்த லூசியை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதால் உங்களுக்கு அது கூடுதலாகவே உறைக்கும். அதைக் கேட்டபின் ‘பஸூக்கா டூத்’துக்குத் திரும்பி, பிடித்த நான்கைந்து பாட்டைத் தனிப் பட்டியலாகப் போட்டு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.